நாடோடி வீசாவும் நமது மயக்கமும்

எல்லைகள் அழிந்துவிட்டன என்றொரு பேச்சு அண்மைக் காலமாக நம் மாணவரிடையே வழங்கி வருகின்றது. மடிக்கணினி ஒன்றும் நம்பத்தக்க இணைய இணைப்பும் கையிலிருப்பின் எந்நாட்டிலிருந்தும் எந்நாட்டுக்கும் உழைக்கலாம். அவ்வாறு உழைப்போரை வரவேற்பதற்கென்றே பல நாடுகள் புதிய வீசாக்களை வகுத்துள்ளன. ஆகவே பட்டதாரி வேலையின்மை, அரசாங்க உத்தியோகத்துக்கான காத்திருப்பு என்பனவெல்லாம் நம் தந்தையர் தலைமுறையோடு கழிந்த துயரங்கள் என்று கருத்தரங்குகளிற் கூறப்படுகின்றது. தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நடைபெறும் கூட்டங்களில் இதனைக் கேட்டுக் கைதட்டும் நண்பர் பலர். கைதட்டுவதிற் குற்றமில்லை. ஆயினும் திறந்திருப்பது எந்த வாயில், அது யாருக்காகத் திறக்கப்பட்டது, அதே வீட்டின் மற்றைய வாயில் ஏன் சாத்தப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பாமலே கைதட்டுவது பல்கலைக்கழகத்திற் பயில்வோருக்கு அழகாகாது.

என் கூற்றை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். தொலைநிலைப் பணியாளருக்கான தற்காலிக வதிவிட வீசா, மனிதருக்கு வழங்கப்படும் வீசா என்ற தோற்றத்திலே சம்பளத்துக்கு வழங்கப்படும் வீசாவாகும். சம்பளம் நாட்டினுள் வந்து செலவாக வேண்டுமாயின் அதனைச் செலவிடும் உடலும் உடன் வந்தாக வேண்டும் என்பதனாலேயே மனிதருக்கு அங்கு இடமளிக்கப்படுகின்றது. இதனை விடுதலை என்று கொண்டாடுவோர், நம் நாட்டின் மாணவரை மற்றுமொரு மயக்கத்துக்கு உள்ளாக்குகின்றனர்.

இவ்வீசாக்களின் வரலாறு மிகக் குறுகியது. 2020ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்று விமானங்களை நிறுத்தி, உல்லாசப் பயணிகளை நம்பியிருந்த நாடுகளின் வருவாயை வற்றச் செய்தது. அவ்வாண்டு ஜூலையிற் பார்படோஸ் தீவு பன்னிரண்டு மாத வதிவிட அனுமதியொன்றை அறிவித்தது. ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டொலர். தனியாளுக்குக் கட்டணம் 2,000 டொலர், குடும்பத்துக்கு 3,000 டொலர். உள்நாட்டில் வருமான வரி இல்லை. ஆகஸ்ட் மாதம் எஸ்தோனியா தன் நாடோடி வீசாவைத் தொடங்கியது. ஒக்டோபரில் டுபாய் அவ்வழியிற் சென்றது. பின்னர் குரோசியா, மலேசியா, ஸ்பெயின், தென் கொரியா, யப்பான், இத்தாலி, தாய்லாந்து என வரிசை நீண்டது. உல்லாசப் பயணி இரண்டு வாரத்திற் செலவிட்டுப் போவதை, பன்னிரண்டு மாதம் தங்கிச் செலவிடச் செய்யும் ஏற்பாடே இது. பயணத்துறையின் பஞ்சத்திற் பிறந்த பிள்ளையை மனித விடுதலையின் வாரிசாகக் காட்டுவது பொருந்தாது.

ஒவ்வொரு நாட்டையும் எடுத்து ஆராய இங்கு இடமில்லை. ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். நாடோடிப் பணியாளரின் சொர்க்கம் என்று புகழப்படும் போர்த்துக்கலே அதற்கு ஏற்றது. நமக்கும் அதற்கும் பழைய உறவொன்று உண்டு. 1505இற் போர்த்துக்கேயர் இத்தீவின் கரையில் இறங்கியபோது எவரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாண இராச்சியத்தை அவர்கள் ஆண்டபோதும் அவர்களது தங்குமிடத்துக்கு வாடகை ஒப்பந்தம் கோரப்பட்டதாகத் தெரியவில்லை. இன்று அந்நாட்டின் வீசாவுக்கு விண்ணப்பிக்கும் நம் இளைஞர், கதிரை, மேசை என்று அவர்கள் மொழியிலிருந்து நாம் பெற்ற சொற்களின் மேலேயே அமர்ந்து படிவத்தை நிரப்புகின்றனர்.

அப்படிவம் கேட்பது யாது? 2022 ஒக்டோபர் 30ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வீசா, போர்த்துக்கலுக்கு வெளியேயுள்ள நிறுவனம் ஒன்றுக்கு அல்லது வாடிக்கையாளருக்கு வேலை செய்வோருக்கு உரியது. தொழில் ஒப்பந்தம், கடந்த மூன்று மாத வருமானத்துக்கான சான்று, வரி செலுத்தும் நாட்டைக் காட்டும் பத்திரம், குற்றப் பதிவுச் சான்றிதழ், காப்புறுதி, தங்குமிடத்துக்கான சான்று ஆகியன வேண்டும். இவற்றினும் தலையாயது வருமானத்தின் அளவு. அது அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தின் நான்கு மடங்காக இருத்தல் வேண்டும். 2022இற் குறைந்தபட்சச் சம்பளம் 705 யூரோ. ஆகவே தேவைப்பட்டது 2,820 யூரோ. 2026இல் அச்சம்பளம் 920 யூரோவாக உயர்ந்தமையால் தேவை 3,680 யூரோவாயிற்று.

இந்த ‘நான்கு மடங்கு’ என்னும் அளவுகோலைச் சிறிது நின்று நோக்க வேண்டும். வறுமையில் வீழ்ந்து அரசுக்குச் சுமையாகாதவரையே அனுமதிக்கின்றோம் என்பது அரசுகள் வழக்கமாகக் கூறும் காரணம். அதுவே காரணமாயின் ஒரு மடங்கு போதும். அந்நாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் அவ்வொரு மடங்கிலேயே குடும்பம் நடத்துகின்றனர். போர்த்துக்கலின் சராசரி மாதச் சம்பளமே 3,680 யூரோவின் பாதிக்குக் குறைவானது. அதாவது, அந்நாட்டு ஆசிரியரோ தாதியோ தம் சொந்த நாட்டின் வீசாவுக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால் பெரும்பாலும் நிராகரிக்கப்படுவர். வருபவர், தம் அறையைத் துடைப்பவரிலும் நான்கு மடங்கு உயரத்தில் நின்றாக வேண்டுமென்று சட்டமே விதிக்கின்றது. வர்க்க வேறுபாடு இங்கு சமூகத்தின் போக்கில் விளைந்த ஒன்றாக மட்டும் இல்லை. நுழைவுக்கான நிபந்தனையாகவே எழுதப்பட்டுள்ளது.

அத்தொகையை நம் நாட்டு நிலைமையோடு ஒப்பிட்டால் மயக்கம் தெளிய அதிக நேரம் பிடியாது. 2026 ஜனவரி முதல் இலங்கையில் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. போர்த்துக்கல் கேட்பதோ மாதம் 12 இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட தொகை. அவர்களுக்கு நான்கு மடங்கு என்பது நமக்கு நாற்பது மடங்காகின்றது. நம் பேராசிரியர்களுள் எத்தனை பேர் இவ்வீசாவுக்குத் தகுதி பெறுவர் என்று எண்ணிப் பார்க்கும்படி இவ்விதழைப் படிக்கும் விரிவுரையாளர்களைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

“டொலரிற் சம்பாதிக்கலாமே, கொழும்புச் சம்பளத்தை ஏன் அளவாகக் கொள்கிறீர்?” என்று நண்பர் கேட்பர். அவர்களது நம்பிக்கையின் அச்சாணி இவ்விடத்திலேயே உள்ளது. கணினிக்கு முன் அமர்ந்தவர் எந்நாட்டவராயினும் ஒரே வேலைக்கு ஒரே கூலி பெறுவர் என்று அவர்கள் கருதுகின்றனர். நடைமுறை அவ்வாறில்லை. 2020 மே மாதத்திற் பேஸ்புக் நிறுவனத்தின் தலைவர் மார்க் சக்கர்பேர்க், ஊழியர் விரும்பிய இடத்திலிருந்து வேலை செய்ய இடமளிக்கும் திட்டத்தை அறிவித்தார். அவ்வறிவிப்பிலேயே, செலவு குறைந்த இடத்துக்குக் குடிபெயர்வோரின் சம்பளம் அவ்விடத்துக்கேற்ப மாற்றப்படும் என்பதையும் தெரிவித்தார். அமெரிக்காவின் ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்குச் செல்லும் அமெரிக்கருக்கே விதி இதுவாயின், வவுனியாவில் இருந்து கொண்டு வேலை செய்பவருக்கு எவ்விதி பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. என் வகுப்புத் தோழர் ஒருவர் இரவு முழுவதும் விழித்திருந்து தூர நாட்டு நிறுவனமொன்றின் கணக்குகளைப் பதிவு செய்கின்றார். அவருக்கு வழங்கப்படும் கூலி அந்நாட்டுக் கணக்காளரின் கூலியோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கப்பட்டதன்று. கொழும்பில் இதே வேலைக்கு என்ன கொடுக்கலாம் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது. அவர் மலிவாக இருப்பதனாலேயே அவ்வேலை அவரிடம் வந்தது. மலிவாக இருக்கும்வரை வீசாவுக்குரிய தொகையை அவர் எட்டப்போவதில்லை; எட்டுமளவுக்குக் கூலி கேட்டால் வேலை வேறொரு நாட்டின் வேறொரு இரவுக்குப் போய்விடும்.

ஆகவே இவ்வீசாவின் பொருளியல் அடிப்படை தெளிவாகின்றது. முன்னர் முதலாளித்துவம், கூலி மலிந்த நாட்டைத் தேடித் தன் தொழிற்சாலையை நகர்த்தியது. கட்டுநாயக்கா வலயத்தில் அதனை நாம் கண்டோம். இன்று கூலி உயர்ந்த நாட்டின் ஊழியர், வாடகை மலிந்த நாட்டைத் தேடித் தம் சம்பளத்தை நகர்த்துகின்றார். இரண்டுக்கும் இயக்க விசை ஒன்றே: நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாடு. அவ்வேறுபாடு அழிந்தால் இவ்வீசாவுக்கு வேலையே இராது. எல்லை அழிந்துவிட்டது என்போர் இதனை மனங்கொள்ள வேண்டும். எல்லை உயிரோடு இருப்பதனாலேயே இவ்வீசா இலாபகரமாக இருக்கின்றது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகின்றேன். இவ்வீசாக்கள் தோன்றுமுன் தொலைநிலைப் பணியாளர் எவ்வாறு பிற நாடுகளில் வாழ்ந்தனர்? உல்லாசப் பயண வீசாவில் அல்லது வீசா விலக்கிற் சென்று, கோப்பிக் கடையில் அமர்ந்து, தம் நாட்டு முதலாளிக்கு வேலை செய்தனர். உல்லாசப் பயணி வேலை செய்யலாகாது என்பதே பொதுவிதி. கண்டிப்பாக நோக்கின் அவர்களிற் பலர் விதியை மீறியவர்களே. எனினும் அரசுகள் பெரும்பாலும் கண்டும் காணாதிருந்தன. அவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று எந்தப் பத்திரிகையும் தலைப்பிடவில்லை. பின்னர் சட்டமே அவர்களைத் தேடி வந்து, அவர்கள் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு பெயரும் ஒரு முத்திரையும் வழங்கியது.

அதே போர்த்துக்கலின் தென்மேற்கில் ஒடெமிரா என்றொரு பிரதேசம் உண்டு. பிளாஸ்ரிக் கூடாரங்களின் கீழே ராஸ்பெரி முதலிய பழங்கள் விளைவிக்கப்பட்டு வட ஐரோப்பியச் சந்தைகளுக்கு அனுப்பப்படுகின்றன. அப்பழங்களைப் பறிப்போரிற் பலர் நேபாளம், இந்தியா, பங்களாதேசம் முதலிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். 2021 ஏப்ரல் இறுதியில் அங்கு கொரோனாத் தொற்றுப் பரவி, அரசாங்கம் இரு கிராமப் பிரிவுகளைத் தனிமைப்படுத்தியபோது, அத்தொழிலாளர் ஒரே அறையிற் பலராக நெருக்குண்டு வாழ்ந்தமை நாடு முழுவதற்கும் தெரியவந்தது. அவர்களைத் தங்கவைக்க அரசு ஒரு விடுமுறை விடுதித் தொகுதியைக் கையகப்படுத்த நேர்ந்தது. அங்கு வீடு வைத்திருந்தோர் எதிர்த்தனர். பழம் மேசைக்கு வரலாம், பறித்தவர் பக்கத்து வீட்டுக்கு வரலாகாது!

அத்தகைய தொழிலாளருக்குப் போர்த்துக்கலில் ஒரு வழி இருந்தது. உல்லாசப் பயணியாக வந்திருப்பினும், வேலை தேடிக்கொண்டு, சமூகப் பாதுகாப்பு நிதிக்குப் பங்களிப்புச் செலுத்தி, தாம் இந்நாட்டில் உழைத்து வாழ விரும்புவதை அரசுக்கு அறிவித்து வதிவிட அனுமதி கோரலாம். ‘விருப்ப வெளிப்பாடு’ என்பது அந்நடைமுறையின் பெயர். இதில் ஊழல் இடைத்தரகர் புகுந்தனர் என்பதும், விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தன என்பதும் உண்மை. 2023 ஒக்டோபரிற் குடிவரவுக்கெனப் புதிய முகவரகம் தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ நான்கு இலட்சம் கோவைகள் தேங்கியிருந்தன. 2024 ஜூனில் அரசு அவ்வழியைப் புதிய விண்ணப்பதாரருக்கு மூடிவிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். 2022இல், உல்லாசப் பயணியாக வந்து மடிக்கணினியில் வேலை செய்தவரின் ஒழுங்கீனம் வீசாவாகக் கௌரவிக்கப்பட்டது. 2024இல், உல்லாசப் பயணியாக வந்து பழத்தோட்டத்தில் வேலை செய்தவரின் ஒழுங்கீனம் திருத்த முடியாத குற்றமாக்கப்பட்டது. முன்னவர் அந்நாட்டில் உண்டு உறங்குகின்றார். அவரது உழைப்பு வேறு நாட்டு முதலாளிக்கு. பின்னவர் அந்நாட்டின் மண்ணிலேயே உழைத்து, அந்நாட்டின் ஏற்றுமதியைப் பெருக்கி, அந்நாட்டு முதியோரின் ஓய்வூதியம் வழங்கப்படும் நிதிக்கே தம் பங்கையும் செலுத்துகின்றார். நாட்டுக்கு உழைத்தவர் வெளியே. நாட்டிற் செலவிட்டவர் உள்ளே. இடைத்தரகரின் ஊழல்தான் காரணமெனில் இடைத்தரகரைப் பிடிக்க வேண்டும். கோவைகள் தேங்கியமைதான் காரணமெனில் எழுதுவினைஞரை நியமிக்க வேண்டும். வாயிலை மூடியமைக்கு இவை விடையாகா.

லிஸ்பன் நகரில் 2024 டிசம்பர் 19ஆம் நாள் நடந்ததையும் இங்கு குறிப்பிட வேண்டும். தெற்காசியக் குடியேறிகள் செறிந்து வாழும் பென்ஃபோர்மோசோ வீதியிற் பொலிசார் புகுந்து, பல பத்துப் பேரைச் சுவரைப் பார்த்தவாறு நிரையாக நிறுத்திச் சோதனையிட்டனர். அப்படம் அந்நாட்டவரையே திடுக்குறச் செய்தது. அடுத்த மாதம் ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கிக் கண்டித்தனர். சில நிமிட நடைத்தூரத்தில், அதே நகரின் கோப்பிக் கடைகளில், மடிக்கணினிகளின் முன் அமர்ந்திருந்த வெளிநாட்டவரை எவரும் சுவரைப் பார்க்கச் சொல்லவில்லை. இரு சாராரும் வெளிநாட்டவரே. இரு சாராரும் வேலை செய்வோரே.

வந்தவரையே குறைகூறுவது என் நோக்கமன்று. சிறு வயதில் உலகம் பார்க்க விரும்புவது இயல்பு. எனக்கும் அவ்விருப்பம் உண்டு. ஆனால் அவர்களது வருகையினால் அந்நாட்டு மக்கள் பெற்றது என்ன என்பதையும் நோக்க வேண்டும். 1974இன் புரட்சியின் பின் எழுதப்பட்ட போர்த்துக்கலின் அரசியலமைப்பு, தன் 65ஆம் உறுப்புரையில் வீட்டு வசதியை எல்லாருடைய உரிமையாகவும் பிரகடனஞ் செய்கின்றது. அரை நூற்றாண்டின் பின், 2023 ஏப்ரல் 1ஆம் நாள், வாழ்வதற்கு வீடு கேட்டு லிஸ்பனிலும் ஏனைய நகர்களிலும் மக்கள் பேரணி சென்றனர். பழைய அல்ஃபாமா பகுதியின் வீடுகள் பயணிகளுக்கான குறுகிய கால விடுதிகளாக மாறிவிட்டன. இதற்கு நாடோடிப் பணியாளர் மட்டும் காரணமல்லர் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. 2012 முதல் வீடு வாங்கிய செல்வந்தருக்கு வழங்கப்பட்ட வதிவிட அனுமதி, 2009 முதல் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுவோருக்கு அளிக்கப்பட்ட வரிச்சலுகை, உல்லாசப் பயணத்துறையின் வீக்கம், பொது வீடமைப்பைக் கைவிட்ட அரசின் மெத்தனம் ஆகிய யாவும் சேர்ந்தே இந்நிலையை உண்டாக்கின. ஆயினும் இவை யாவற்றிலும் ஊடுருவி நிற்கும் கொள்கை ஒன்றே: வெளியிலிருந்து வரும் பணத்துக்கு உள்ளிருக்கும் மனிதரிலும் முன்னுரிமை. 2023 ஒக்டோபரில் அப்போதைய பிரதமர் அந்தோனியோ கொஸ்தா, அவ்வரிச்சலுகை நீதியற்றது, வீட்டு விலையை ஏற்றுவது என்று தாமே கூறி அதனை நிறுத்தப்போவதாக அறிவித்தார். வீட்டு முதலீட்டுக்கான அனுமதியும் அம்மாதமே நீக்கப்பட்டது. வருமான வீசா மாத்திரம் தொடர்ந்து நிலைத்தது.

இது போர்த்துக்கலின் தனிக் குணம் என்று கொள்ளலாகாது. ஸ்பெயினின் 2022 டிசம்பர்ச் சட்டம், இவ்வீசா பெற்றவர் தம் வேலையில் இருபது வீதத்துக்கு மேல் ஸ்பானிய நிறுவனங்களுக்குச் செய்யலாகாது என்கின்றது. பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ வேண்டும் என்றும் விதிக்கின்றது. யப்பான் இன்னும் வெளிப்படையானது. 2024 மார்ச்சு இறுதியில் அது தொடங்கிய ஆறுமாத அனுமதிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி யென் வருமானம் வேண்டும். அத்துடன், யப்பானோடு வரி உடன்படிக்கையும் வீசா விலக்கும் உள்ள நாடுகளின் குடிமக்களே விண்ணப்பிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் இரண்டு கோடி யென் உழைப்பினும் அப்பட்டியலில் இல்லை. ஏற்கெனவே வீசா தேவைப்படாதவருக்கே வீசா! இதிலும் தெளிவாக ஒரு கொள்கையை எவ்வாறு எழுதுவது?

டுபாயை நோக்குங்கால் நம் சொந்த மக்களின் கதை குறுக்கிடுகின்றது. வளைகுடா நாடுகளின் வீடுகளில் நம் பெண்கள் பல ஆயிரவர் பல்லாண்டுகளாகப் பணிபுரிகின்றனர். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் அத்தகைய தாயொருத்தி இல்லாத கிராமமோ தோட்டமோ அரிது. அவர்களது வதிவிடம் அழைத்த எசமானனின் கையில் உள்ளது. அவன் கைவிட்டால் அவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆகிவிடுவர். அவர்களது உழைப்பு வேண்டப்படுகின்றது, வாழ்க்கை வேண்டப்படவில்லை. நாடோடிப் பணியாளரின் வாழ்க்கை வேண்டப்படுகின்றது, உழைப்பு வேண்டப்படவில்லை. ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்து இருவரும் அந்நாட்டில் இறங்கலாம். ஒருவர் தம் முதலாளியைப் பின்னே விட்டு வருகின்றார். மற்றவருக்காக முதலாளி வாயிலிற் காத்திருக்கின்றான்.

நம் அரசும் இதிற் குறைந்ததன்று. 2013இற் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறையின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லத் தடுக்கப்பட்டாள். அவள் போகலாமா என்பதற்குப் பிரதேச செயலகம் வரை அறிக்கை தேவைப்பட்டது. டொலர் வற்றிய 2022இலேயே அவ்விதி தளர்த்தப்பட்டது. பார்படோசில் 3,000 டொலர் கட்டினால் பிள்ளைகளும் உடன் வந்து கடற்கரையில் விளையாடலாம். நம் தாய் தன் பிள்ளையை விட்டுச் செல்லவும் அனுமதி வேண்டி நின்றாள்.

உழைப்பை ஏற்று மனிதரை மறுத்த வரலாறு நமக்குப் புதிதன்று. கோப்பிக்கும் தேயிலைக்கும் அழைத்துவரப்பட்ட மலையக மக்கள், ஒரு நூற்றாண்டுக்கு மேல் இம்மண்ணைப் பொன்னாக்கிய பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை ஒரு பக்கமும் 300,000 பேரை மறு பக்கமுமாகப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அவ்வரலாற்றின் வழிவந்த நாம், வதிவிட அனுமதி என்ற சொல்லைக் கேட்டவுடன் கைதட்டுவதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டாமா?

இவ்விடத்தில் எழும் எதிர்வாதங்களுள் ஒன்று மட்டும் கனமானது. “வெளிநாட்டவர் எவரை ஏற்பது என்று தீர்மானிப்பது ஒவ்வொரு நாட்டின் இறைமை. நமக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். நம் நாட்டிலும் இவ்வீசாவை ஊக்குவிப்போமே” என்பது அது. அரசாங்கங்களும் சில ஆண்டுகளாக இதனைப் பேசி வந்துள்ளன. அந்நியச் செலாவணி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதுமில்லை. ஆனால் நிபந்தனையின்றி வரவேற்பதன் விளைவைத் தென்கரையில் நாம் ஒருமுறை கண்டுவிட்டோம். 2022 பெப்ரவரியில் உக்ரெயினிற் போர் மூண்ட பின், ரஷ்யரும் உக்ரெயினியரும் உல்லாசப் பயண வீசாவை நீடித்து நீடித்து இங்கு தங்கினர். அவர்களுட் சிலர் உணவகமும் விடுதியும் நடத்துவதாக உள்ளூர் வணிகர் முறையிட்டனர். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என விளம்பரஞ் செய்யப்பட்ட விருந்தொன்று பெருங் கண்டனத்துக்குள்ளாகி நிறுத்தப்பட்டது. போருக்குத் தப்பி வந்தவர் எல்லாரும் அத்தகையோர் என்று கூறுவது அநியாயம். ஆயினும் வாடகையும் விலையும் வருவோரின் நாணயத்தில் எழுதப்படும் கரையில், உள்ளூரவர் தம் ஊரிலேயே விருந்தாளியாகும் நிலை எவ்வளவு விரைவில் உண்டாகும் என்பதற்கு அது போதிய சான்று.

எனவே, நம் நாடு இவ்வீசாவை வழங்குமாயின் அதனோடு கேட்கப்பட வேண்டியவை சில உண்டு. வெலிகமவிலும் அறுகம்பேயிலும் வாடகைக்கு இருக்கும் உள்ளூர்க் குடும்பத்தை வெளியேற்றி அவ்வீட்டை டொலருக்கு விடுவதைத் தடுக்கும் சட்டம் உண்டா? வருபவர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு அப்பிரதேச சபைக்குச் செல்லுமா, அன்றிக் கொழும்போடு நின்றுவிடுமா? நாம் அவர்களுக்கு வாயில் திறக்கும்போது, அவர்களது நாடுகளில் நம் இளைஞருக்கு எவ்வாயில் திறக்கப்படும் என்று நம் வெளிநாட்டு அமைச்சு ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

மாணவராகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. தொலைநிலைப் பணியை வெறுக்க வேண்டியதில்லை. கலைப்பீடத்திலிருந்து வெளியேறி மொழிபெயர்ப்பும் பதிப்பித்தலும் செய்து வாழ்வோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவர்கள் தனித்தனி அறைகளில் தனித்தனி இரவுகளிற் கூலியைக் குறைத்துப் போட்டியிடுகின்றனர். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, தொழிற்சங்கம் இல்லை, கூலி மறுக்கப்பட்டால் முறையிடத் தொழில் நியாயசபையும் இல்லை. வீசா பெறுவது எப்படி என்று கற்பிக்கும் கூட்டத்துக்கு மண்டபம் நிரம்புகின்றது. இவ்வுழைப்பாளருக்குச் சங்கம் அமைப்பது எப்படி என்று பேச ஒரு கூட்டத்தை நம் சங்கமே இவ்வாண்டில் ஒழுங்கு செய்யலாம். எல்லைகள் அழிந்துவிட்டன என்று சொல்லும் சொற்பொழிவாளரையும் அதற்கு அழைப்போம். மேடையேறுமுன் அவர் தம் வருமானச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் சபைக்குக் காட்டட்டும்.